ரப்பர் மாத்துறதும் இன்ஜினியரிங்தான்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெவ்யூவுக்குப் போன எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும்: "இதுல நாவல்டி என்ன?" ட்ரோன்னு சொன்னா லேசா கேப்பாங்க. டைட்டில்ல ஏ.ஐ.ன்னு ஒரு வார்த்தை இருந்தா கேக்கவே மாட்டாங்க. ஆனா "பழைய மெஷின் ஒண்ணை ரிப்பேர் பண்ணப் போறோம் சார்"னு சொல்லிப் பாருங்க, அந்த ரூமே ஒரு மாதிரி அமைதியாகிடும்.

எங்க டீம் சொன்னது அதைத்தான். கிரவுண்டுல புல் வெட்டுற குட்டி டிராக்டர் ஒண்ணு ஷெட்ல நிக்குது. என்ஜின் மவுண்ட் ரப்பர் நாலும் போயிடுச்சு. கம்பெனி பார்ட்ஸ் வர மாசக்கணக்காகும்னு சொன்னதால, புது மெஷினுக்கே கொட்டேஷன் வாங்கிட்டாங்க. அதைக் குறைஞ்ச செலவுல, கணக்குப் போட்டு, சரி பண்றோம்னு சொன்னோம். வந்த பதில்: "அது மெக்கானிக் வேலைப்பா. நீங்க இன்ஜினியர்ஸ்."

ப்ராஜெக்ட்டுக்கு வேற டைட்டில் எடுத்துட்டோம். ரப்பர் வேலையைத் தனியா அனுமதி வாங்கி ரெண்டு சனிக்கிழமைல முடிச்சோம். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பத்தித்தான். அது தப்புன்னு நான் நினைக்கிறேன். ஏன் தப்புன்னு புரியணும்னா முதல்ல அந்த ரப்பர் என்ன பண்ணுதுன்னு தெரியணும். அதனால கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், பொறுத்துக்கோங்க.

பெரிய டிராக்டர்ல இல்லாத ரப்பர்

நம்ம ஊர் வயல்ல ஓடுற டிராக்டர்ல பெரும்பாலும் என்ஜினுக்கு அடியில ரப்பரே இருக்காது. 1917ல வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்ல என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூணையும் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு, அதையே வண்டியோட முதுகெலும்பா ஆக்கினாங்க. தனியா சேஸி கிடையாது. அந்த டிசைன்தான் உலகம் பூரா பரவுச்சு. என்ஜினே முதுகெலும்புன்னா, அதைத் தூக்கி ரப்பர் மேல வைக்க முடியாது இல்லையா?

தோட்டத்து டிராக்டர் கதை வேற. அதுல இரும்புச் சட்டம் தனியா இருக்கு, அது மேல சின்ன பெட்ரோல் என்ஜின் உக்காந்திருக்கு. அமெரிக்கால இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961ல கப் கேடட்னு ஒரு தோட்ட டிராக்டர் கொண்டு வந்தாங்க. ஆரம்பத்துல என்ஜினை நேரா சட்டத்துல போல்ட் பண்ணாங்க. ஒத்தை சிலிண்டர் என்ஜின் எப்படி ஆடும்னு புல்லட் ஓட்டினவங்களுக்குத் தெரியும். 1974ல "குவைட் லைன்"னு ஒரு வரிசை வந்துச்சு. அதுல என்ஜினை ரப்பர் மேல உக்கார வச்சாங்க. 10ல இருந்து 16 குதிரை சக்தி வரைக்கும் ஒத்தை சிலிண்டர் கோலர் என்ஜினை ரப்பர் தாங்குச்சு.

அந்த டிராக்டர்களை இன்னிக்கும் வச்சு ஓட்டறவங்க இருக்காங்க. அவங்களோட தீராத தலைவலியும் அதே ரப்பர்தான். வருஷம் ஆக ஆக ரப்பர் அமுங்கி, என்ஜின் கீழே இறங்கிடும். என்ஜின்ல இருந்து பின்னாடி போற டிரைவ் ஷாஃப்ட் நேர்க்கோட்டுல இருந்து விலகும். அப்புறம் ரப்பர்ல ஆரம்பிச்ச பிரச்சினை ஷாஃப்ட், கப்ளிங்னு போய்க்கிட்டே இருக்கும்.

அங்க இருக்கறவங்க கண்டுபிடிச்ச ஒரு மலிவான வழி, ஐஸ் ஹாக்கி ஆடுற "பக்". 3 இன்ச் விட்டம், 1 இன்ச் கனம், கெட்டியான ரப்பர் வட்டு. நடுவுல ஓட்டை போட்டு என்ஜினுக்கு அடியில வச்சிடுவாங்க. நம்ம ஊர்ல இதுக்குச் சமமானது பழைய லாரி டயர்ல வெட்டின துண்டு. பாத்தா ரெண்டுமே புத்திசாலித்தனம்தான். ஆனா இங்கதான் நம்ம படிச்ச படிப்பு உள்ள வருது.

மூணு வரில ஒரு கணக்கு

டைனமிக்ஸ் பேப்பர்ல டிரான்ஸ்மிசிபிலிட்டின்னு ஒரு கிராஃப் வரும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிச்சுட்டு மறந்திருப்போம். அது சொல்றது சிம்பிள்: ரப்பர் மேல உக்காந்த என்ஜினுக்குன்னு சொந்தமா ஒரு ஆட்ட வேகம் இருக்கு. என்ஜின் சுத்துற வேகம் அதைவிட 1.41 மடங்குக்கு மேல இருந்தாத்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதுக்குக் கீழே இருந்தா, ரப்பர் அதிர்வைக் கூட்டும்.

அந்தச் சொந்த வேகத்தைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேணாம். என்ஜினை ரப்பர் மேல இறக்கும்போது ரப்பர் எவ்வளவு அமுங்குதுன்னு மில்லிமீட்டர்ல அளந்துக்கோங்க. அதோட வர்க்கமூலத்தால 15.8ஐ வகுத்தா, ஹெர்ட்ஸ்ல விடை வந்துடும்.

எங்க மெஷின்ல என்ஜின் சுமார் 40 கிலோ. நாலு மவுண்ட்டுக்கும் சமமா பிரிஞ்சா ஆளுக்கு 10 கிலோ. 1 மி.மீ. அமுங்கினா சொந்த வேகம் 15.8 ஹெர்ட்ஸ். புல் வெட்டும்போது என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து, அதாவது 50 ஹெர்ட்ஸ். மூணு மடங்குக்கு மேல இருக்கு. கணக்குப்படி அதிர்வுல கிட்டத்தட்ட 11 சதவீதம்தான் சட்டத்துக்குப் போகும். ஐடிலிங்ல 1200 சுத்து, 20 ஹெர்ட்ஸ். அப்ப அதிர்வு குறையாது, ஒன்றரை மடங்குக்கும் மேல கூடும். அதனாலதான் நல்ல ரப்பர் போட்ட மெஷின்கூட ஐடிலிங்ல குலுங்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அடங்கும். "புதுசு போட்டும் குலுங்குதே"ன்னு பயப்பட வேணாம்.

இப்ப டயர் துண்டுக்கு வாங்க. அதுக்குள்ள நைலான் நூலோ ஸ்டீல் கம்பியோ இருக்கு, ரப்பரும் கெட்டி. 10 கிலோவுக்கு அது 0.1 மி.மீ.தான் அமுங்குதுன்னு வச்சுக்கோங்க. 15.8ஐ 0.1ஓட வர்க்கமூலத்தால வகுத்துப் பாருங்க. 50 வரும். என்ஜின் ஓடுற வேகமும் 50. ரெசொனன்ஸ்! எந்த வேகத்துல நாள் பூரா புல் வெட்டணுமோ, சரியா அந்த வேகத்துல மெஷின் பேயாட்டம் ஆடும். ரப்பரே இல்லாம நேரா போல்ட் போட்டதைவிட மோசமா ஆகலாம்.

நிஜத்துல ரப்பர் ஓட்டத்துல கொஞ்சம் கெட்டியா நடந்துக்கும், சட்டமும் கொஞ்சம் வளையும், அதனால விடை அச்சா இப்படியே வராது. ஆனா எந்தப் பக்கம் போகணும்னு இந்தக் கணக்கு காட்டிடும். மலிவான வேலையில நல்லதையும் கெட்டதையும் பிரிக்க அது போதும். இதை மெக்கானிக் வேலைன்னு சொல்லி நம்மள அனுப்பிட்டாங்க. அப்ப அந்த கிராஃபை எதுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?

சரி, குறைஞ்ச செலவுல எப்படி?

முதல்ல, போனது ரப்பர்தானான்னு பாருங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ஸ்பார்க் பிளக் ஒயரையும் எடுத்துட்டு, என்ஜினை ஒரு கட்டையால லேசா நெம்பினா தெரியும். ரப்பர் இரும்புத் தகட்டுல இருந்து பிரிஞ்சு வாய் பிளந்தா, ஆயுசு முடிஞ்சது. தொட்டா பிசுபிசுன்னு ஊதியிருந்தா ஆயில் குடிச்சிருக்கு. முதல்ல ஆயில் கசிவை நிறுத்துங்க, இல்லன்னா புது ரப்பரும் அதே கதிதான். கல்லு மாதிரி இறுகி வெடிச்சிருந்தா சூடும் ஓசோனும் பண்ண வேலை.

பிரிஞ்ச ரப்பரைப் பசை போட்டு ஒட்டலாமான்னு கேப்பீங்க. ஒட்டும், ஆனா நிக்காது. ரப்பரும் இரும்பும் வல்கனைசிங் சூட்டுல ஒண்ணாப் பிடிச்சது. பசையால அந்தப் பிடிப்பு வராது. உங்க மவுண்ட் விசேஷ வடிவத்துல இருந்தா, பழைய இரும்புத் தகட்டைச் சுத்தம் பண்ணி ரப்பர் மோல்டிங் பண்ற பட்டறையில கொடுத்து, புது ரப்பர் வார்த்து வாங்கலாம். பஸ், லாரி புஷ் எல்லாம் அப்படிச் செஞ்சு கொடுக்கறவங்க இருக்காங்க. போகும்போது "ஷோர் 45ல இருந்து 50க்குள்ள வேணும், ஆயில் படற இடம், நைட்ரைல் போடுங்க"ன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். இயற்கை ரப்பர் அதிர்வுக்கு அருமையானது, ஆனா ஆயில் பட்டா ஊதிடும்.

வடிவம் சாதாரணமா இருந்தா இன்னும் சுலபம். ஜெனரேட்டர், கம்ப்ரசர் அடியில போடற, ரெண்டு பக்கமும் போல்ட் வச்ச உருளை ரப்பர் மவுண்ட் ஹார்ட்வேர் கடையிலயே கிடைக்குது. நாங்க எடுத்தது அதைத்தான். 40 மி.மீ. விட்டம், 25 மி.மீ. கனம். பேப்பர்ல கணக்குப் போட்டப்போ 10 கிலோவுக்கு 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கம்மியா அமுங்கணும்னு வந்துச்சு, வச்சுப் பாத்தப்போ அதை ஒட்டித்தான் அமுங்குச்சு. நாலு மவுண்ட், போல்ட், வாஷர், நைலாக் நட் எல்லாம் சேத்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது. பழைய உயரம் மாறாம இருக்க லேத் கடையில ரெண்டு ஸ்பேசர் திருப்பி வாங்கினோம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது:

நாலையும் ஒண்ணா மாத்துங்க. ரெண்டு புதுசு, ரெண்டு பழசுன்னா என்ஜின் ஒரு பக்கம் சாயும்.

ஜாக்கி வைக்கும்போது அலுமினிய சம்ப்புல நேரா முட்டுக் கொடுக்காதீங்க. நடுவுல பலகை வைங்க.

நட்டு முறுக்கும்போது ரப்பர் சேர்ந்து முறுக்கக் கூடாது. அடியில ஸ்பேனரால பிடிச்சுக்கோங்க. முறுக்கின நிலையில விட்டா ரப்பர் சீக்கிரம் கிழியும்.

ரப்பரை அமுக்கலாம், ஓரளவு பக்கவாட்டுல சரியவும் விடலாம், ஆனா இழுவையில தொங்க விடாதீங்க. புல் வெட்டுற பெல்ட் என்ஜினைப் பக்கவாட்டுல இழுக்கும், அதையும் கணக்குல வைங்க. ரப்பர் கிழிஞ்சாலும் என்ஜின் இடத்தை விட்டுப் போகாத மாதிரி, நடுவுல முழு நீள போல்ட்டும் பெரிய வாஷரும் வச்சு ஒரு பிடிமானம் கொடுங்க. இது இல்லாம எந்த மலிவு வேலையும் பண்ணாதீங்க.

கடைசியா எர்த். ரப்பர் கரண்ட்டை விடாது. என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவுல தடிமனான எர்த் ஒயர் இல்லன்னா, ஸ்டார்ட்டர் இழுக்கற கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா திரும்பப் பாக்கும். கேபிள் சுட்டுப் போகும். எங்களுக்கு இதை முதல்ல சொன்னது புக் இல்ல, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஆட்டோ ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன். ரப்பரை நகத்தால அழுத்திப் பாத்தே "இது கெட்டி தம்பி, இதைப் போடாத"ன்னு ஒரு சாம்பிளை ஓரமா தள்ளினவரும் அவர்தான்.

மெக்கானிக் வேலைன்னா கீழான வேலையா?

அந்த அண்ணனுக்கு டிரான்ஸ்மிசிபிலிட்டி கிராஃப் தெரியாது. எனக்கு நகத்தால அழுத்திக் கண்டுபிடிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் வந்து சேந்த இடம் ஒண்ணுதான். அவர் அறிவு அவர் கையில இருக்கு, அவரோட போயிடும். நம்மால பண்ண முடிஞ்சது அதை அளந்து, எழுதி, அடுத்த மெஷினுக்கும் பொருந்துற மாதிரி ஆக்குறது. இன்ஜினியர்னா அதுதானே? "அது மெக்கானிக் வேலை"ன்னு சொல்றப்போ ஒரே வார்த்தையில ரெண்டு பேரையும் சின்னதாக்கிடறோம். அவர் வேலையில யோசனை இல்லன்னு ஆகிடுது, நம்ம யோசனைக்குக் கை தேவையில்லன்னும் ஆகிடுது.

நான் இதைப் பெருமைக்காகச் சொல்லல. டிராக்டர் ஷெட்ல நின்ன அத்தனை மாசமும் கிரவுண்ட் புல்லு தானா நிக்கல. கார்டன்ல வேலை பாக்கற அண்ணன் தோள்ல மாட்டற மெஷினை வச்சு வெயில்ல வெட்டிக்கிட்டு இருந்தார். "ராத்திரி படுத்தா விரல் மரத்துப் போகுது தம்பி"ன்னு சொன்னார். கை வழியா ஏறுற அதிர்வு பல வருஷம் தொடர்ந்தா விரல் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும். குளிர்ல விரல் வெளுத்துப் போற நோய்க்கு மருத்துவத்துல பேரே இருக்கு. கையில ஏறுற அதிர்வை அளக்க ஐ.எஸ்.ஓ. 5349, உடம்பு பூரா ஏறுறதை அளக்க ஐ.எஸ்.ஓ. 2631. ஐரோப்பிய யூனியன் 2002லயே ஒரு எல்லை போட்டுச்சு: எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டா, கைக்கு 2.5 மீட்டர்/செகண்ட் வர்க்கம் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5ஐத் தாண்டவே கூடாது.

ஆயிரம் ரூபாய் ரப்பர் இல்லாததால ஒருத்தரோட விரல் மரத்துப் போகுது. நம்ம ரெவ்யூவுல அதுக்கு மார்க் போட ஒரு காலம் இல்ல. நாவல்டிக்கு இருக்கு.

எதிர்ப்பக்கமும் சொல்லணும்

"எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்கணுமா?" இல்ல. சட்டமே விரிசல் விட்டிருந்தா, என்ஜின் புகை கக்கினா, ரப்பர் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. வாரண்டில இருக்கற மெஷினுக்குக் கம்பெனி பார்ட்ஸ்தான் போடணும். அதைச் சொல்லத் தெரியறதும் ரிப்பேர் அறிவுதான். கணக்குப் போட்டு "இது தேறாது"ன்னு சொல்றது வேற. பாக்காமலே புதுசுக்கு கொட்டேஷன் வாங்கறது வேற.

"பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. அதுக்காகத்தான் நாங்க ரப்பர் கிழிஞ்சா என்ன ஆகும்னு முதல்ல யோசிச்சு, பிடிமான போல்ட்டை வச்சோம். பொறுப்பை எப்படி எடுத்துக்கறதுன்னு ப்ராஜெக்ட்லதான் கத்துக்க முடியும். வேலைக்குப் போன அப்புறம் கத்துக்கிட்டா விலை ஜாஸ்தி.

"ப்ளேஸ்மெண்ட்ல இது உதவுமா?" எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒரு கோர் கம்பெனி இன்டர்வ்யூல "அமுக்கத்தை எப்படி அளந்தீங்க?"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷம் பேச நமக்கு ஏதாவது இருக்கணும். ஆன்லைன்ல எடுத்த ப்ராஜெக்ட்ல அந்த ரெண்டு நிமிஷம் இருக்காது.

உலகமும் இந்தப் பக்கம்தான் வருது. 2022 ஜூலைல மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை "ரிப்பேர் பண்ற உரிமை"க்கு ஒரு குழு போட்டுச்சு. அதுல முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறைல விவசாயக் கருவிகளும் ஒண்ணு. அமெரிக்கால கொலராடோ மாநிலம் 2023ல விவசாய மெஷின்களுக்குன்னே சட்டம் போட்டு, 2024 ஜனவரி 1ல இருந்து அமலுக்குக் கொண்டு வந்துச்சு. சட்டம் மேனுவலையும் பார்ட்ஸையும் வாங்கித் தரும். அதை வச்சு என்ன பண்றதுன்னு தெரிஞ்ச ஆளை யார் உருவாக்குவாங்க? வருஷா வருஷம் டிகிரி வாங்கி வெளிய வர்ற நம்மள விட்டா யாரு?

நான் கேக்கறது

பெருசா ஒண்ணும் இல்ல, மூணு விஷயம். ஒண்ணு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல "ரிப்பேர்"னு தனியா ஒரு வகை வேணும். மார்க் போட அளவுகோலும் ரெடியா இருக்கு: ஃபால்ட்டைச் சரியா கண்டுபிடிச்சாங்களா, மாத்து வழிக்குக் கணக்கு காட்டினாங்களா, மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்தாங்களா, மெஷின் ஆறு மாசம் கழிச்சும் ஓடுதா. ரெண்டு, லேப்ல ஒரு ஷோர் டியூரோமீட்டர். உள்ளங்கைல அடங்குற கருவி, லட்சக்கணக்குல விலை இல்ல. மூணு, செமஸ்டருக்கு ஒரு நாளாவது ஒரு மெக்கானிக் அண்ணனைக் கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிடுங்க. சால்வை போடணும், ஹானரேரியமும் கொடுக்கணும். மத்த கெஸ்ட்டுக்குப் பண்றதுதானே.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கறேன், ஜூனியர்ஸ்கிட்ட குறிப்பா. உங்க டிபார்ட்மெண்ட் பின்னாடி, ஹாஸ்டல் மோட்டார் ரூம்ல, ஒர்க்‌ஷாப் மூலையில ஏதோ ஒரு மெஷின் துணி போத்தி நின்னுக்கிட்டிருக்கும். அது என்ன மெஷின், எதனால நின்னுச்சு, கடைசியா யார் அதைப் பாத்தாங்கன்னு விசாரிச்சு நாலு வரி எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்க. லிஸ்ட்டை அடுத்த இதழ்ல போடச் சொல்லி எடிட்டர்கிட்ட நான் பேசறேன். எந்த மெஷினை யார் எடுத்துக்கறதுன்னு அதுக்கப்புறம் சேந்து முடிவு பண்ணலாம்.